கர்னல் மெமரியில் இடறி விழுந்தால் குற்றவாளியை எப்படித் தேடுவது

லினக்ஸின் மையமான கர்னல் விழுந்து, சர்வர் ஒன்று திடீரென்று நின்றுபோகிறது. திரையில் கடைசியாக ஒரு ஃபங்ஷன் பெயர், அதற்குக் கீழே நீளமாக ஒரு கால் டிரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல். உடனே எல்லோரும் செய்வது அந்தப் பெயரை கூகுளில் போட்டு, எப்போதோ யாரோ அதே பெயரோடு கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலை அப்படியே செய்து பார்ப்பதுதான். மற்ற வகைப் பிழைகளில் இது சில நேரம் கைகொடுக்கும். மெமரி சம்பந்தப்பட்ட கிராஷில் பெரும்பாலும் கைகொடுக்காது, ஏனென்றால் விழுந்த கோட் பாதிக்கப்பட்ட கோட். மெமரியைக் கெடுத்தவன் தன் வேலையை முடித்துவிட்டு எப்போதோ போயிருப்பான், சில நேரம் மைக்ரோ நொடிகளுக்கு முன், சில நேரம் மணிக்கணக்கில் முன். மெமரியை ஒதுக்கும் கேமல்லாக், விடுவிக்கும் கேஃப்ரீ, பட்டியலிலிருந்து உறுப்பை எடுக்கும் லிஸ்ட் டெல் போன்ற பெயர்கள் டிரேஸின் உச்சியில் அடிக்கடி வருவதற்குக் காரணமும் இதுதான்: எல்லோரும் போய்வரும் வழி அது, யாரோ தோண்டி வைத்த குழியில் அவைதான் முதலில் விழும்.

அதனால் "எங்கே விழுந்தது" என்பதை விட "கையில் என்ன மதிப்பை வைத்துக்கொண்டு விழுந்தது" என்பதுதான் முக்கியம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். எக்ஸ்86-64 லினக்ஸை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆர்ம் கணினிகளில் முகவரிகளின் தோற்றம் மாறும், அணுகுமுறை மாறாது.

முதலில் தடயம் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கிராஷ் ஆன கணினியை ரீபூட் செய்தவுடன் முக்கால்வாசித் தடயம் போய்விடும். சாதாரண லாக் கோப்பை நம்ப முடியாது, ஏனென்றால் விழுகிற கர்னல் தன் கடைசி வார்த்தைகளை டிஸ்கில் எழுதும் நிலையில் இருக்காது. ஜர்னல் நிரந்தரமாகச் சேமிக்கப்படும் கணினி என்றால் "ஜர்னல்சிடிஎல் -கே -பி -1" போட்டு முந்தைய பூட்டின் கர்னல் செய்திகளைப் பாருங்கள், அங்கே ஒன்றும் இல்லையென்றால் "/சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர்" அடைவைத் திறந்து பாருங்கள். பல யுஇஎஃப்ஐ கணினிகளில் கர்னல் தன் கடைசிச் செய்திகளைத் துண்டு துண்டாக அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கும். சில டிஸ்ட்ரோக்களில் சிஸ்டம்டி அவற்றை "/வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர்" அடைவுக்கு நகர்த்தி வைத்திருக்கும், அங்கேயும் ஒரு பார்வை. இந்த இடம் இருப்பதே நிறைய பேருக்குத் தெரிவதில்லை.

அடுத்த கிராஷுக்குத் தயாராக வேண்டுமென்றால் கேடம்ப் அமைத்தே ஆக வேண்டும். பூட் வரியில் "கிராஷ்கர்னல்=256எம்" என்று கொடுத்தால், கணினி தொடங்கும்போதே அவ்வளவு ரேமை ஒதுக்கி வைத்து அதில் இரண்டாவது கர்னல் ஒன்று காத்திருக்கும். முதல் கர்னல் பேனிக் ஆனதும், அதாவது தொடர முடியாமல் நின்றதும், இரண்டாவது எழுந்து, முதல் கர்னலின் மெமரி முழுவதையும் ஒரு கோப்பாக (இதுதான் டம்ப்) எடுத்து வைக்கும், வழக்கமாக "/வார்/கிராஷ்" அடைவில். டிரைவர்கள் நிறைய உள்ள பெரிய சர்வர் என்றால் 256 எம்பி போதாது, இரண்டாவது கர்னலே மெமரி இல்லாமல் சாகும், 512 வரை போய்ப் பாருங்கள். ரெட் ஹாட் வகையில் கேடம்ப் சர்வீஸ், டெபியனில் கேடம்ப்-டூல்ஸ் பொதி. அமைத்த பிறகு "/சிஸ்/கர்னல்/கெக்செக்_கிராஷ்_லோடட்" கோப்பில் 1 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதோடு நிற்காமல், பராமரிப்பு நேரம் பார்த்து "/ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-டிரிகர்" கோப்பில் "சி" எழுத்தை எழுதி வேண்டுமென்றே ஒரு முறை விழவைத்துப் பாருங்கள். சோதிக்காத கேடம்ப் இருந்தும் இல்லாததுதான், நிஜமாக விழும் நாளில் டிஸ்க் டிரைவர் ஏறவில்லை என்று தெரிந்தால் மனம் நொந்துபோகும்.

இன்னும் இரண்டு அமைப்புகள். "கர்னல்.பேனிக்_ஆன்_ஊப்ஸ்" மதிப்பை 1 ஆக்குங்கள். இது 0 ஆக இருந்தால் ஊப்ஸ் (கர்னல் தன்னுள் கண்ட பிழையின் அறிக்கை) வந்ததும் கர்னல் அந்த ஒரு ப்ராசஸைக் கொன்றுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும், அது பிடித்திருந்த பூட்டுகள் அப்படியே கிடக்கும், கெட்டுப்போன தரவு டிஸ்குக்கும் போகலாம், நீங்கள் டம்ப் எடுக்கும்போது முதல் சம்பவத்தின் மேல் பத்து சம்பவங்கள் குவிந்திருக்கும். இரண்டாவது, டம்ப்பைச் சுருக்கும் மேக்டம்ப்ஃபைல் நிரல் பொதுவாக "-டி 31" என்ற அளவில் ஓடும், அதாவது பூஜ்யப் பேஜ்கள் (பேஜ் என்பது மெமரியின் 4 கேபி துண்டு), கேஷ், யூசர் தரவு, அப்புறம் காலியான பேஜ்கள் எல்லாவற்றையும் விட்டுவிடும். விடுவிக்கப்பட்ட பேஜ் ஒன்றை யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று சந்தேகப்படும்போது அந்தக் காலிப் பேஜ்தானே நமக்குத் தேவை? அப்படிப்பட்ட நேரத்தில் 15 ஆக மாற்றிவிடுங்கள், டம்ப் பெரிதாகும், ஆனால் காலிப் பேஜ்கள் கிடைக்கும். கர்னல் தன் சின்னச் சின்ன ஆப்ஜெக்ட்டுகளை அடுக்கி வைக்கும் பேஜ்கள்தான் ஸ்லாப், அந்த ஆப்ஜெக்ட்டுகளுக்கு இந்தக் கவலை வேண்டாம், விடுவிக்கப்பட்ட ஆப்ஜெக்ட்டும் ஸ்லாப் பேஜுக்குள்தான் இருக்கும், எப்படியும் டம்ப்பில் வந்துவிடும்.

டம்ப்புக்கே வழியில்லாத கணினியில் சீரியல் கன்சோல் அல்லது நெட்கன்சோல். நெட்கன்சோல் கர்னல் செய்திகளை யுடிபி வழியாகப் பக்கத்துக் கணினிக்கு அனுப்பிவிடும், வழக்கமான போர்ட் 6666. முழு டம்ப் இல்லையென்றாலும் முதல் ஊப்ஸின் எழுத்துகள் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் ஊப்ஸ் மட்டும்தான் சாட்சி

லாக்கில் ஐந்து ஊப்ஸ் இருந்தால் மேலிருந்து முதலாவதைப் படியுங்கள், மற்ற நான்கும் பெரும்பாலும் அதன் பின்விளைவு. திரையில் தெரிவது கடைசி ஊப்ஸ், அதைப் படம் பிடித்து அனுப்பினால் யாராலும் உதவ முடியாது.

ஊப்ஸில் "டெயின்டட்" என்ற வரி இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். அதிலுள்ள எழுத்துகள் கர்னலின் முன்கதை. டி இருந்தால் இதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் நடந்திருக்கிறது, நீங்கள் பார்ப்பது முதலாவது அல்ல. டபிள்யூ இருந்தால் முன்பு ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது, மேலே போய்த் தேடுங்கள். பி என்றால், இங்கே கவனம், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளுக்கு நாம் ஒரே ஒலியைச் சொல்கிறோம்: ஒன்று தனியுரிம மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது, மற்றொன்று கெட்ட பேஜ் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்பது. குழப்பம் வேண்டாமென்றால் "/ப்ராக்/சிஸ்/கர்னல்/டெயின்டட்" கோப்பில் உள்ள எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 1 தனியுரிம மாட்யூல், 16 வன்பொருள் பிழை பதிவானது, 32 கெட்ட பேஜ், 128 முந்தைய ஊப்ஸ், 512 எச்சரிக்கை, 4096 கர்னல் மூலத்துக்கு வெளியே கட்டிய மாட்யூல். 16 இருந்தால் மென்பொருளைத் தேடுவதை நிறுத்திவிட்டு வன்பொருளுக்குப் போங்கள். 4096 இருந்தால் அந்த மாட்யூலைக் கழற்றிவிட்டு மறுபடி விழுகிறதா என்று பார்ப்பதுதான் மலிவான முதல் சோதனை.

கால் டிரேஸில் சில பெயர்களுக்கு முன்னால் கேள்விக்குறி இருக்கும். அவை ஸ்டாக்கில் கிடந்த பழைய முகவரிகளாக இருக்கலாம், நிச்சயமான அழைப்பு வரிசை அல்ல. அவற்றை வைத்துக் கதை கட்டாதீர்கள்.

முகவரியைப் படிப்பது எப்படி

இனிதான் உண்மையான வேலை. ஊப்ஸின் முதல் வரியில் உள்ள முகவரியையும் ரெஜிஸ்டர்களில் (சிபியுவின் உள் சேமிப்பிடங்களில்) உள்ள மதிப்புகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பின் உருவமே என்ன நடந்தது என்று சொல்லிவிடும்.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில், 18 அல்லது 40 மாதிரி சின்ன மதிப்பு என்றால் நல் பாயிண்டர், எதையும் சுட்டாத வெற்று முகவரி. 18 என்பது பதினாறடிமானத்தில் என்பதால், ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து 24-ஆவது பைட்டில் உள்ள உறுப்பைத் தொட முயன்றிருக்கிறது. பஹோல் நிரலில் அந்த ஸ்ட்ரக்சரைப் போட்டுப் பார்த்தால் எந்த உறுப்பு என்று தெரிந்துவிடும். எல்லா வகையிலும் இதுதான் எளிது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கர்னல் 5.3 பதிப்பிலிருந்து "இனிட்_ஆன்_ஃப்ரீ" என்ற பூட் தேர்வு இருக்கிறது, விடுவிக்கும் மெமரியை அப்போதே பூஜ்யமாக்கிவிடும். அது இயங்கும் கணினியில், விடுவித்த பிறகு தொடும் பிழையும் நல் பாயிண்டர் வேஷத்தில்தான் வரும். "இங்கே நல் வரவே முடியாதே" என்று கோட் படித்தவர் சொன்னால் இந்தத் தேர்வை முதலில் சரிபாருங்கள்.

6பி 6பி 6பி என்று வரிசையாக வந்தால் ஸ்லாப் பாய்சன் (சோதனைக்காகக் கர்னல் நிரப்பி வைக்கும் அடையாள மதிப்பு), அதாவது விடுவிக்கப்பட்ட மெமரியை யாரோ படித்திருக்கிறார்கள். 5ஏ வரிசை என்றால் ஒதுக்கப்பட்டு, இன்னும் நிரப்பப்படாத மெமரி. ஏஏ வரிசை பேஜ் பாய்சன். "டெட்" என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் முகவரி என்றால், லிங்க்டு லிஸ்ட்டிலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு உறுப்பை மறுபடி எடுக்கவோ பின்தொடரவோ போயிருக்கிறார்கள். இந்த மாதிரி முகவரிகள் எக்ஸ்86-64-இல் செல்லுபடியாகாத வடிவம் என்பதால் பேஜ் ஃபால்ட் வராது, "ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்" என்று வரும். அந்தச் சொற்களைப் பார்த்ததும் ரெஜிஸ்டர்களில் இந்த உருவங்களைத் தேடுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வகை: பாயிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள். மதிப்பின் பைட்டுகள் எல்லாம் 20-க்கும் 7இ-க்கும் நடுவே விழுந்தால் அது யாரோ எழுதிய உரை. உதாரணமாக ரெஜிஸ்டரில் 6சி 2எஃப் 72 61 76 2எஃப் என்று இருக்கிறது என்று வையுங்கள். எக்ஸ்86 சின்ன பைட்டை முதலில் வைக்கும் என்பதால் பின்னாலிருந்து படியுங்கள்: 2எஃப் என்பது சாய்கோடு, 76 61 72 என்பது "வார்", மறுபடி சாய்கோடு, அப்புறம் "எல்". "/வார்/லாக்" அல்லது "/வார்/லிப்" என்ற பாதையின் தொடக்கம்! யாரோ ஒரு கோப்புப் பாதையை அளவு பார்க்காமல் பஃபரில் நகலெடுத்து, அது வழிந்து பக்கத்து ஆப்ஜெக்ட்டின் பாயிண்டர் மேல் ஏறியிருக்கிறது. குற்றவாளியின் பெயர் தெரியாவிட்டாலும் அவன் என்ன எழுதிக்கொண்டிருந்தான் என்பது தெரிந்துவிட்டது. நெட்வொர்க் பாக்கெட்டின் தலைப்பு, ஐபி முகவரி, மேக் முகவரி என்று எதுவும் இப்படி வரலாம், உங்கள் சர்வரின் மேக் முகவரியை ரெஜிஸ்டரில் பார்த்தால் நெட்வொர்க் கார்டு டிரைவர் பக்கம் திரும்புங்கள்.

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்து ஒரே ஒரு பிட் மட்டும் தவறியிருக்கும் முகவரி. நான்கு எஃப், அப்புறம் 8 அல்லது 9 என்று தொடங்க வேண்டிய பாயிண்டர், எஃப் எஃப் இ எஃப் என்று தொடங்குகிறது. எஃப் என்றால் 1111, இ என்றால் 1110. ஒரே பிட். கோடில் இப்படி ஒரு பிட்டை மட்டும் அணைக்கும் பிழை மிக அபூர்வம், ரேம் சந்தேகத்தை உடனே மேலே கொண்டுவாருங்கள்.

பேஜ் ஃபால்ட் வரியில் எர்ரர் கோடும் இருக்கும். பிட் 0 என்பது பேஜ் இருந்தும் அனுமதி இல்லை என்பது, பிட் 1 எழுத முயன்றது, பிட் 4 அங்கிருந்து கோடை ஓட்ட முயன்றது. பிட் 3 எழுந்திருந்தால், முகவரியை ரேமின் இடத்தோடு இணைக்கும் பேஜ் டேபிளிலேயே இருக்கக்கூடாத பிட் இருக்கிறது என்று பொருள், அதாவது பேஜ் டேபிளே கெட்டிருக்கிறது. இது வந்தால் சாதாரண டிரைவர் பாயிண்டர் பிழையாக நினைக்காதீர்கள்.

ரேம் கெட்டதா, கோட் கெட்டதா

இந்தக் கேள்வியை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுவது நல்லது, இல்லையென்றால் வாரக்கணக்கில் இல்லாத பக்கைத் தேடுவீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், சம்பந்தமே இல்லாத ப்ராசஸ்களில், கால் டிரேஸில் பொதுவான எதுவும் இல்லாமல் விழுந்தால் ரேம், மின்சப்ளை, அதிகமாக ஓட்டப்படும் கடிகாரம் மூன்றையும் சந்தேகியுங்கள். ஒரே இடத்தில், ஒரே வேலைச் சுமையில் விழுந்தால் கோட். ஒரே மாதிரி ஐந்து சர்வர் இருந்து ஒன்று மட்டும் விழுந்தால் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

ரேம் பிழை அபூர்வம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம் பட்டைகள் குறைந்தது ஒரு பிழையாவது காட்டின. இசிசி ரேம் (பிழையைத் தானே திருத்தும் வகை) உள்ள சர்வரில் "/சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/இடாக்" அடைவில் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையும் திருத்த முடியாதவற்றின் எண்ணிக்கையும் தனித்தனியாக இருக்கும், ராஸ்டெமன் ஓடினால் எந்தப் பட்டை என்பது வரை சொல்லும். இசிசி இல்லாத கணினியில் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். ஒரு சுற்று சுத்தமாக வந்தது என்று நிறுத்தாதீர்கள், ஒரு இரவு முழுக்க ஓடட்டும், சில செல்கள் சூடேறிய பிறகுதான் தவறும். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி சுயவிவரம் இயங்கினால் அதை அணைத்துவிட்டு ஒரு முறை, பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு முறை. புதுப் பட்டை வாங்கும் வரை சமாளிக்க வேண்டுமென்றால் "மெம்டெஸ்ட்=4" என்ற பூட் தேர்வு சில கர்னல்களில் இருக்கும், தொடக்கத்திலேயே ரேமைச் சோதித்து, கெட்ட இடங்களை ஒதுக்கி வைத்துவிடும்.

மெமரி தீர்ந்தது வேறு, கெட்டது வேறு

இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதை நிறைய பார்க்கிறேன். "அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்" என்று வந்தால் கர்னல் விழவில்லை, தன் வேலையைச் செய்தது. அதோடு பேனிக்கும் ஆனது என்றால் "விஎம்.பேனிக்_ஆன்_ஊம்" இயக்கப்பட்டிருக்கலாம், அல்லது கொல்வதற்கு எந்த ப்ராசஸும் மிச்சமில்லை. அப்போது வரும் பட்டியலில் ஆர்எஸ்எஸ் நெடுவரிசை (ப்ராசஸ் ரேமில் பிடித்திருக்கும் இடம்) பேஜ் கணக்கில் இருக்கும், ஒரு பேஜ் 4 கேபி, நான்கால் பெருக்காமல் "இவ்வளவு கம்மியாகத்தானே பயன்படுத்துகிறது" என்று முடிவுக்கு வராதீர்கள். பட்டியலில் உள்ள ப்ராசஸ்கள் எல்லாம் சேர்ந்தும் மொத்த ரேமில் கால்வாசி கூட வரவில்லையென்றால் மெமரியைத் தின்பது கர்னலே. "/ப்ராக்/மெம்இன்ஃபோ" கோப்பில் எஸ்அன்ரீக்ளைம் என்ற வரியை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை குறித்து வாருங்கள், இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஸ்லாப் கசிவு. ஸ்லாப்டாப் எந்தக் கேஷ் (ஒரே வகை ஆப்ஜெக்ட்டுகளின் தொகுப்பு) வளர்கிறது என்று காட்டும், கேமெம்லீக் சேர்த்துக் கட்டிய கர்னலில் யார் ஒதுக்கியது என்ற டிரேஸும் கிடைக்கும்.

"பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 5" என்பது இன்னொரு வகை. ஆர்டர் 5 என்றால் 32 பேஜ்கள், 128 கேபி, அதுவும் தொடர்ச்சியாக. மொத்தத்தில் இரண்டு ஜிபி காலியாக இருந்தாலும் துண்டு துண்டாக இருந்தால் கிடைக்காது, "/ப்ராக்/படிஇன்ஃபோ" கோப்பில் வலப்பக்க நெடுவரிசைகள் பூஜ்யமாக இருப்பதைப் பார்த்தால் புரியும். இது எச்சரிக்கைதான், இதனால் கர்னல் விழக்கூடாது. ஆனால் மெமரி கிடைத்ததா என்று சரிபார்க்காத டிரைவர் அடுத்த வரியிலேயே நல் பாயிண்டரில் விழும். ஆகவே நல் பாயிண்டர் ஊப்ஸுக்குச் சில வரிகள் மேலே இந்தச் செய்தி இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

ஸ்டாக் நிரம்பி விழுவது இப்போது குறைவு. எக்ஸ்86-64-இல் கர்னல் ஸ்டாக் 16 கேபிதான், ஆனால் 4.9 பதிப்பிலிருந்து அதன் எல்லையில் காவல் பேஜ் வைக்க முடிகிறது, தாண்டினால் அங்கேயே பிடிபட்டு "ஸ்டாக் கார்டு பேஜ்" என்று தெளிவாகவே சொல்லிவிடும்.

பொறி வைப்பது

முகவரியைப் படித்துச் சந்தேகம் உருவான பிறகுதான் பொறி. சந்தேகமே இல்லாமல் எல்லா டீபக் தேர்வுகளையும் ஒரே நேரத்தில் இயக்கினால் கணினி மெதுவாகி, நேர இடைவெளிகள் மாறி, பக் ஒளிந்துகொள்ளும்.

கர்னலை மறுபடி கட்டத் தேவையில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். "ஸ்லாப்_நோமெர்ஜ்" என்று பூட் வரியில் சேர்த்தால், ஒரே அளவுள்ள வெவ்வேறு கேஷ்களைக் கர்னல் ஒன்றாக்காது, யார் யாரோடு ஒரே பேஜில் குடியிருக்கிறார்கள் என்பது தெளிவாகும். அப்புறம் "ஸ்லப்_டீபக்=எஃப்இசட்பியூ". இதில் எஃப் உள் சோதனைகள், இசட் ஆப்ஜெக்ட்டின் ஓரத்தில் சிவப்பு வேலி, பி பாய்சன், யூ யார் ஒதுக்கினார் யார் விடுவித்தார் என்ற பதிவு. எந்தக் கேஷ் என்று தெரிந்தால் கமா போட்டு அதன் பெயரை மட்டும் கொடுங்கள், முழுக் கணினியும் மெதுவாகாது.

இது தரும் அறிக்கையை நிதானமாகப் படிக்க வேண்டும். "ரெட்ஸோன் ஓவர்ரிட்டன்" என்றால் வேலியைத் தாண்டி எழுதியிருக்கிறார்கள், பஃபர் வழிதல். "பாய்சன் ஓவர்ரிட்டன்" என்றால் விடுவித்த பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள். இங்கே முதல் மாறிய பைட் என்ன என்று பாருங்கள். 6பி இருக்க வேண்டிய இடத்தில் 6ஏ இருந்தால் ஒன்று குறைந்திருக்கிறது, அதாவது விடுவிக்கப்பட்ட ஆப்ஜெக்ட்டின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை) யாரோ மறுபடி குறைத்திருக்கிறார்கள், குறைக்கும் புட் ஒன்று அதிகம், அல்லது கூட்டும் கெட் ஒன்று விட்டுப்போனது. 6சி இருந்தால் ஒன்று கூடியிருக்கிறது, இறந்த ஆப்ஜெக்ட்டை யாரோ புதிதாகப் பிடித்திருக்கிறார்கள். ஒரே ஒரு பைட்டிலிருந்து இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். ஒரு சிக்கல் உண்டு: 6பி-யும் 6ஏ-யும் கடைசிப் பிட்டில் மட்டுமே வேறுபடுகின்றன, ஆகவே ரேம் பிழையும் இதே உருவத்தில் வரலாம். 6பி-க்கும் 6சி-க்கும் நடுவே மூன்று பிட்கள் மாறுகின்றன, அது ரேம் செய்த வேலையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 6ஏ வந்தால் அடுத்த கிராஷிலும் ஸ்ட்ரக்சரின் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். அதே இடம் என்றால் கோட், இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேம்.

உற்பத்தி சர்வரில் இவ்வளவு சுமை ஏற்ற முடியாது என்றால் கேஃபென்ஸ் இருக்கிறது. 2021-இல் 5.12 பதிப்பில் வந்தது. எல்லா ஒதுக்கீட்டையும் கண்காணிக்காமல், இயல்பாக 100 மில்லி நொடிக்கு ஒன்றை மட்டும் காவல் பேஜ்களுக்கு நடுவே வைக்கும், சுமை உணரவே முடியாத அளவு, மெமரியும் 2 எம்பி அளவுதான். ஒரு சர்வரில் பிடிபட நாளாகும். நூறு சர்வரில் போட்டால் எங்கோ ஒன்றில் சிக்கும். பல சர்வர் வைத்திருப்பவர்கள் இதை நிரந்தரமாகவே இயக்கி வைக்கலாம் என்பது என் கருத்து.

சோதனைக் கணினியில் பிழையை மறுபடி வரவைக்க முடிந்தால் யோசிக்காமல் கேசான் சேர்த்து கர்னலைக் கட்டுங்கள். 2015-இல் 4.0 பதிப்பிலிருந்து உண்டு. மெமரியின் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, ஒவ்வொரு தொடுதலையும் சரிபார்க்கும், அதனால் ரேமில் எட்டில் ஒரு பங்கு போகும், வேகமும் பாதிக்கு மேல் குறையலாம். பதிலுக்குக் கிடைப்பது மூன்று டிரேஸ்கள்: இப்போது தவறாகத் தொட்டவர், முதலில் ஒதுக்கியவர், விடுவித்தவர். குற்றவாளி ஓடிப்போகும் முன்பே கையும் களவுமாகப் பிடிபடுகிறான், இத்தனை நேரம் நாம் அனுமானித்ததெல்லாம் அறிக்கையிலேயே எழுதி வந்துவிடும்.

கேசானும் பார்க்க முடியாத ஒருவர் உண்டு: டிவைஸ். நெட்வொர்க் கார்டோ டிஸ்க் கண்ட்ரோலரோ டிஎம்ஏ மூலம் நேரடியாக ரேமில் எழுதும்போது சிபியு அந்த வழியில் இல்லை, எந்த நிழல் பைட்டும் சரிபார்க்கப்படாது. டிரைவர் பஃபரை விடுவித்த பிறகும் டிவைஸ் எழுதிக்கொண்டே இருந்தால், கேசான் மௌனமாக இருக்க, மெமரி மட்டும் கெட்டுக்கொண்டே போகும். மென்பொருள் சோதனைகள் எல்லாம் சுத்தம், ரேமும் சுத்தம், ஆனாலும் பாக்கெட் மாதிரித் தரவு எங்கெங்கோ முளைக்கிறது என்றால் டிவைஸ்கள் தொடும் முகவரிகளைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவை இயக்கி, "ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட்=1" கொடுங்கள். அனுமதி பறிக்கப்பட்ட முகவரியில் டிவைஸ் எழுதப் போனால் அந்த இடத்திலேயே தடுக்கப்பட்டு, எந்த பிசிஐ டிவைஸ் என்பதும் லாக்கில் வந்துவிடும்.

டம்ப்பைத் திறந்த பிறகு

டம்ப்பை ஆராயும் கிராஷ் என்ற நிரலுக்கு இரண்டு கோப்புகள் வேண்டும்: டம்ப், அப்புறம் அதே பில்டின் டீபக் தகவலுள்ள விஎம்லினக்ஸ், அதாவது சுருக்கப்படாத கர்னல் கோப்பு. பதிப்பு எண் ஒத்திருந்தால் போதாது, பில்டும் அதேதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் திறக்காது, அல்லது திறந்து பொய் சொல்லும். உள்ளே போனதும் கர்னல் செய்திகளுக்கு "லாக்" கட்டளை, பிறகு கால் டிரேஸுக்கு "பிடி". அடுத்து சந்தேகத்துக்குரிய முகவரியை "கேமெம்" கட்டளையிடம் கொடுங்கள். அது எந்த ஸ்லாப் கேஷைச் சேர்ந்தது, ஒதுக்கப்பட்டிருக்கிறதா காலியா என்று சொல்லும், ஒதுக்கப்பட்டதைச் சதுர அடைப்புக்குள் காட்டும். கர்னல் இப்போதும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட் அடைப்பில்லாமல் வந்தால், விடுவித்த பிறகு பயன்படுத்தியது உறுதி.

வழிதல் சந்தேகம் என்றால் கெட்டுப்போன ஆப்ஜெக்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அதற்கு முந்தைய ஆப்ஜெக்ட்டைப் பாருங்கள், வழிந்தது அங்கிருந்துதான். பொதுவான கேமல்லாக் கேஷ் என்றால் அது யாருடையது என்று பெயர் எழுதியிருக்காது. "ஆர்டி" கட்டளையோடு பெரிய எஸ் தேர்வைச் சேர்த்தால், அதிலுள்ள ஃபங்ஷன் பாயிண்டர்களுக்கும் மற்ற ஆப்ஜெக்ட் பாயிண்டர்களுக்கும் பெயர் காட்டும். ஏதாவது ஒரு டிரைவரின் கால்பேக் பெயர் அங்கே தென்பட்டால் வீட்டுக்காரர் யாரென்று தெரிந்துவிட்டது.

டம்ப் இல்லாமல் ஊப்ஸ் எழுத்துகள் மட்டும்தான் இருக்கிறதென்றால், கர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் "டிகோட்_ஸ்டாக்டிரேஸ்" என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஃபங்ஷன் பெயரையும் ஆஃப்செட்டையும் கோப்பு, வரி எண்ணாக மாற்றித் தரும். இதைச் செய்யாமல் யாரிடமும் உதவி கேட்காதீர்கள்.

மேலே அனுப்பும்போது

மெமரி மேலாண்மைக் கோடிலேயே பக் இருப்பதும் நடக்கும். 6.1 பதிப்பில் ப்ராசஸின் மெமரிப் பகுதிகளைப் பதிவு வைக்க மேப்பிள் ட்ரீ வந்தது, அதில் ஸ்டாக் விரியும்போது பழைய நோட் ஒன்று விடுவிக்கப்பட்ட பிறகும் படிக்கப்படும் ஓட்டை இருந்து, 2023-இல் சரிசெய்யப்பட்டது. ஆனாலும் எம்எம் அடைவில் உள்ள கோப்பின் பெயர் ஊப்ஸில் வந்ததும் அங்கே குறை இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், டிரைவர்களைத்தான் முதலில் பாருங்கள்.

பழைய கர்னலில் வராதது புதியதில் வருகிறதென்றால் கிட் பைசெக்ட், அதாவது நடுவிலுள்ள பேட்ச்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துக் குற்றவாளி பேட்ச்சைத் தேடுவது. பத்தாயிரம் பேட்ச் நடுவே இருந்தாலும் 14 சுற்றில் முடிந்துவிடும். கஷ்டம் எங்கே என்றால், எப்போதாவது மட்டும் விழும் பிழையில் "இந்தப் பதிப்பு நல்லது" என்று எப்போது சொல்வது? வழக்கமாக ஆறு மணி நேரத்தில் விழும் என்றால் ஒரு நாளாவது விழாமல் ஓடினால்தான் நல்லது என்று குறியுங்கள். ஒரு சுற்றில் தவறாக நல்லது என்று சொல்லிவிட்டால் மிச்சமுள்ள சுற்றுகள் எல்லாம் சம்பந்தமில்லாத பேட்ச்சில் போய் நிற்கும்.

டிஸ்ட்ரோ கர்னல் என்றால் முதலில் டிஸ்ட்ரோவிடம் புகார் செய்யுங்கள். மூலக் கர்னலிலும் வருகிறதென்றால் "கெட்_மெயின்டெய்னர்" ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும், மெமரி மேலாண்மைக்கு லினக்ஸ்-எம்எம் மடலாடல் குழு. முதல் ஊப்ஸை முழுமையாக, வெட்டாமல், டிகோட் செய்து, படமாக இல்லாமல் எழுத்தாக அனுப்புங்கள், கர்னல் பதிப்பு, கான்ஃபிக், எந்த வேலைச் சுமையில் வருகிறது என்பதும் கூடவே. தனியுரிம மாட்யூல் ஏற்றிய கர்னலின் அறிக்கையைப் பலர் படிக்கவே மாட்டார்கள், அதனால் அதில்லாமல் ஒரு முறையாவது விழவைத்து அந்த ஊப்ஸை அனுப்புங்கள். ரேமைச் சோதித்தீர்களா என்ற கேள்வி எப்படியும் வரும், மெம்டெஸ்ட் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் முதல் மடலிலேயே எழுதிவிடுங்கள்.